அட்டைப்பெட்டியில் அச்சிட்ட முகம்

குளிர்பெட்டித் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவுத் தலைவியாய் விளங்கி இன்று பணி நிறைவு பெறும் அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒருமித்து எழுதி, உரக்க வாசித்து, சட்டமிட்டுக் கையளிக்கும் மடல்

பனிக்கட்டியைப் பகலவனிடம் பறிகொடுக்காத பண்பாட்டியே! வெயிலை வெளியிலேயே நிறுத்திவைத்த வித்தகியே! வளையாத வாய்மை கொண்டு வளைந்து மடங்கும் பெட்டியை வடித்தெடுத்த வல்லவரே! சுமப்பவர் தோளின் சோர்வைச் சொந்தத் தோளில் சுமந்து பார்த்த சோதரியே! வணக்கம், வணக்கம், வாயார வணக்கம்.

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கணக்குப் பிரிவு அண்ணன் சொல்லிக்கொடுத்தார். இங்கே யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவது அவர்தான். எல்லோருக்கும் ஒரே மடல், பெயர் மட்டும் மாறும். சென்ற முறை வாயிற்காவலருக்கு வாசித்த மடலில் ‘வரவுசெலவில் வல்லவரே’ என்று வந்துவிட, அவர் பதறிப்போய் எழுந்து நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். இம்முறை அண்ணனிடம் நாங்கள் கொடுக்கவில்லை. சோதனைக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்களே எழுதினோம். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது எழுதியது என்பதால் அடுக்குமொழி ஆங்காங்கே அறுந்து விழும். பொறுத்தருள வேண்டும்.

மடல் என்பது விடைபெறுபவரை நோக்கியே பேச வேண்டும் என்பது முறை. ஆனால் அம்மா, உங்கள் முகத்தைப் பார்த்து நாங்கள் இதைச் சொல்லத் தொடங்கினால், “விடுங்கப்பா, நாலு பேர் முன்னாடி எதுக்கு இதெல்லாம்” என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவீர்கள். ஆகவே கொஞ்ச நேரம் நீங்கள் மாலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருங்கள். நாங்கள் அவையோரைப் பார்த்துப் பேசுகிறோம்.

அவையோரே, இந்த அம்மையார் வரைபலகையும் பென்சிலுமாய் இங்கே வந்தவர், கணினியும் கண்ணாடியுமாய்ப் போகிறவர். இடைப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் மீன் பெட்டி, மருந்துப் பெட்டி, விருந்துக்குக் குளிர்பானம் கொண்டுபோகும் பெட்டி என்று இவர் கையால் உருவாகாத பெட்டி இந்தக் கிடங்கிலிருந்து வெளியே போனதில்லை. அடக்கம் இவரிடம் அவ்வளவாகக் கிடையாது. பணிவு அறவே கிடையாது. பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. தன் வேலை நல்ல வேலை என்று தானே சொல்லிக்கொள்வார், சொல்வது உண்மையாகவும் இருந்து தொலைக்கும். இப்படிப்பட்டவரோடு வேலை செய்வது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

இவர் பிரிவில் ஒரு சட்டம் இருந்தது. புதிதாக ஒரு பெட்டி உருவானால், அதைப் பற்றி வாய் திறக்க நினைப்பவர் யாராயிருந்தாலும், அதில் பனிக்கட்டியும் தண்ணீர்ப் புட்டிகளும் விளிம்பு வரை நிரப்பி, கீழ்த்தளக் கிடங்கிலிருந்து மொட்டைமாடி வரை தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். ஏறி, மூச்சு வாங்கி, வேர்வையைத் துடைத்த பிறகு கருத்துச் சொல்லலாம். இதனால் இவருக்குப் ‘படிக்கட்டம்மா’ என்று பெயர் வந்தது. பளபளக்கும் காலணியோடு வந்த ஆலோசகர் ஒருவர் இரண்டாவது மாடியில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, தனக்குக் கருத்து ஒன்றும் இல்லை என்று அப்படியே வண்டியேறிப் போய்விட்டார்.

ஏன் இந்தச் சட்டம் என்று கேட்பீர்கள். பெட்டித் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம் ஒன்று உண்டு. காலிப் பெட்டியை மேசையிலிருந்து ஒரு விரலால் தூக்கி, “அடேயப்பா, பூ மாதிரி இருக்கே” என்பார்கள். எடுத்துச் செல்ல எளிது என்று உடனே எழுதிவிடுவார்கள். எந்தக் காலிப் பெட்டிதான் பூ மாதிரி இருக்காது? காற்றைச் சுமக்கவா ஒருவர் ஐஸ் பெட்டி வாங்குகிறார்? இந்த ஒரு கேள்வியை இந்த அம்மையார் தொண்டை வற்றக் கேட்டிருக்கிறார். எங்களுக்கு உறைத்தது. உறைக்க வேண்டியவர்களுக்கு உறைக்கவில்லை என்பதுதான் இந்த மடலின் சாரம்.

இனி அந்த மடங்கும் பெட்டிக்கு வருவோம்.

ஒரு காலையில் வேலைக்கு வரும் பேருந்தில், நம் தொழிற்சாலையின் பழைய பெட்டியோடு மீன் விற்கும் பெண் ஒருவர் ஏறினார். இரு கைகளாலும் பிடித்து, முழங்காலில் இடிக்க இடிக்க, படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாய் அவர் பட்ட பாட்டை அம்மையார் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். மாலையில் திரும்பும்போதும் அதே பெண், அதே பெட்டி. மீன் விற்றுவிட்டது, பெட்டியோ காலையில் இருந்த அதே பருமன். நடத்துநர், “காலிப் பெட்டிக்கு ஒரு ஆள் இடமா? இறங்கி அடுத்த வண்டியில வாம்மா” என்றார். அந்தப் பெண்ணும் சளைத்தவர் இல்லை. “அடுத்த வண்டியிலயும் இதையேதான் சொல்லுவாங்க. நீ அதைக் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொன்னா என்ன?” என்று கேட்டுக்கொண்டே இறக்கிவிடப்பட்டார். தான் வரைந்த பெட்டி தன் கண்முன்னே பேருந்தை விட்டுத் தள்ளப்படுவதைப் பார்த்த அம்மையாருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்த நிறுத்தம் வரை காத்திருக்காமல் அவரும் இறங்கினார்.

அந்தப் பெண்ணின் வீடு வரைக்கும் கூடவே போயிருக்கிறார். ஒற்றை அறை. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே பெட்டியை வைத்தால் மீதி இருப்பது ஒரு பாய் விரிக்கும் இடம். மீன்காரம்மா அதைக் காட்டி, “பாருங்க, உங்க பெட்டி காலை நீட்டிப் படுக்குது, என் பிள்ளைங்க மடங்கிப் படுக்குதுங்க” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மையாருக்குச் சிரிப்பு வரவில்லை. போகும்போது கனம், வரும்போது இடம், வீட்டில் வைத்தால் இடைஞ்சல் என்று மறுநாள் காலை எங்களிடம் சொன்னபோது, தன்னைத்தானே திட்டிக்கொள்வது போலத்தான் சொன்னார்.

மீன்காரம்மாவிடம் கொடுத்துப் பார்த்த முதல் மடங்கும் பெட்டி தோற்றது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம், ஏனென்றால் அவரே மறைக்கவில்லை. நுரைப்பலகையில் பள்ளம் கீறி, அங்கே மடக்கினார். இருபது முப்பது தடவை மடக்கியதும் பள்ளம் விண்டுபோய்த் தூள் தூளாக உதிர்ந்தது. விண்ட இடம் வழியே குளிர் வெளியேற, மதியத்துக்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. அன்றைய மீன் பாழ். மீன்காரம்மா நேரே தொழிற்சாலை வாயிலுக்கே வந்து நின்றார். “உங்க பெட்டி நல்லா மடங்குதும்மா. என் பொழப்பையும் சேர்த்து மடக்கிடுச்சு” என்றார். அத்தனை பேர் முன்னிலையில் அந்தத் திட்டை அம்மையார் நின்று முழுதாக வாங்கிக்கொண்டார். பிறகு அவரையும் உள்ளே அழைத்துவந்து, அவர் எதிரிலேயே அந்தப் பெட்டியைக் கத்தியால் பிளந்து, எங்கே தவறு என்று பார்த்தார்.

இரண்டாவது முறை நுரையை மடக்கவே இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிப் பலகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணியுறை, உறைக்கும் உறைக்கும் நடுவே தையல். மடங்குவது துணி மட்டும்தான். இடுக்கு வழியே குளிர் போகாதிருக்க, உள்ளே நீர் புகாத ஒரு பை, பெட்டியைவிடப் பெரிதாக, மேலே மடித்து மூடும்படி. அந்தப் பையை நான்கு பொத்தானில் கழற்றி எடுக்கலாம், கழுவலாம், கொடியில் காயப்போடலாம். ஈரத்தோடு மடக்கிய பெட்டி மறுநாள் நாறும் என்பது மீன் விற்காதவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம். தூக்குவதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வார். அது பெட்டியின் அடிவயிற்றைச் சுற்றி வந்து தோளில் ஏறும், ஆகவே கனம் தையலில் தொங்காமல் வாரில் உட்காரும். மடக்கினால் மடித்த கம்பளி அளவு. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

இந்தப் பெட்டியின் மாதிரிகளையெல்லாம் தன் வீட்டிலேயே கதவுக்குப் பின்னால், பரண்மேல், கட்டிலுக்கு அடியில் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இதோ அமர்ந்திருக்கும் அவர் கணவர், “எங்க வீட்டுல பெட்டி வைக்காத இடம் என் மடி மட்டுந்தான், அதுவும் பக்கத்துல வந்துடுச்சு” என்று எங்களிடம் ஒருமுறை சொன்னார். சொன்னாரே தவிர, ஒரு பெட்டியையும் அவர் தள்ளிவைத்ததில்லை.

மீன்காரம்மா அந்த மாதிரியை ஒரு கோடை முழுக்கச் சுமந்தார். திருப்பித் தரச் சொன்னபோது தர மறுத்தார். அதைவிடப் பெரிய நற்சான்று எங்கள் சோதனைக் கூடத்தின் எந்தக் கருவியும் தந்ததில்லை.

பிறகு சட்டப்படி சின்ன முதலாளியும் அதைத் தூக்கினார். ஆம், மேடையில் நடுநாற்காலியில் வீற்றிருக்கும் நம் நிர்வாக இயக்குநர்தான். நிரப்பிய பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடி வரை ஏறினார், இறக்கிவைத்துவிட்டு, “பரவாயில்லையே, தோள் வலிக்கல. இதையே போட்டுடலாம்மா” என்றார். நாங்கள் கைதட்டினோம். ஐயா, அன்று உங்களை மனதாரப் பாராட்டியவர்களில் நாங்களும் உண்டு. அதனால்தான் இன்று இவ்வளவு கோபம்.

அதற்கடுத்து அம்மையாரின் கணவருக்குக் கண்ணில் அறுவைசிகிச்சை. அவரைக் கவனிக்க அம்மையார் விடுப்பில் போனார். அந்த நாட்களில் இங்கே நடந்ததை அவையோர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

காட்சியறையில் வெளிச்சத்தைப் போட்டு, நடுமேசையில் பெட்டியை வைத்து, காலியாக வைத்து, விற்பனைத் தலைவர் சுற்றிச்சுற்றி வந்தார். வார் அகலமாக இருப்பது மூட்டை தூக்குவது போல் இருக்கிறதாம், படத்தில் அழகாக வராதாம். வாரைக் கழற்றிவிட்டு, விரல் பருமனில் மினுக்கும் உலோகக் கைப்பிடி ஒன்றை மூடியில் பொருத்தச் சொன்னார். உள்பை தனியாக வருவது ஒழுங்கீனமாகத் தெரிகிறதாம், வாங்குகிறவர் தொலைத்துவிடுவாராம், ஆகவே அதை நாலாபக்கமும் நிரந்தரமாகத் தைத்துவிடச் சொன்னார். பிறகு ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். சுற்றி இருந்தவர்கள், பூ மாதிரி இருக்கிறது என்றார்கள். சின்ன முதலாளியும் தலையாட்டினார். மொட்டைமாடி வரை சுமந்த அதே மனிதர். ஒரு சொட்டுத் தண்ணீரை அதில் ஊற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

விடுப்பு முடிந்து வந்த அம்மையார் அந்தப் பெட்டியை மேசைமேல் பார்த்து, வேறு ஏதோ நிறுவனத்தின் சரக்கு என்றே முதலில் நினைத்தார். தெரிந்ததும் அதை நிரப்பினார். கிடங்கு வாசலைத் தாண்டுவதற்குள் கைப்பிடி விரல்களில் அழுந்திச் சிவந்துவிட்டது. முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியின் ஆணி பிடுங்கிக்கொண்டு, அது மட்டும் கையோடு வர, பெட்டி படிகளில் உருண்டு இறங்கிற்று. ஐஸ் கட்டிகளையும் தண்ணீரையும் எங்கள் கையாலேயே அள்ளினோம். கைப்பிடியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் நேரே மேல்மாடி அறைக்குப் போனார்.

அங்கே அவருக்குக் கிடைத்த பதிலைச் சொல்லாவிட்டால் இந்த மடலுக்குப் பொருளில்லை. விற்பனைத் தலைவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, “உக்காருங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள்ல ரிடையர் ஆகப்போறீங்க. எதுக்கு இந்த டென்ஷன்?” என்றார். ஆணியை இரண்டாகப் போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். வாழ்நாளெல்லாம் பெட்டியைப் பற்றியே யோசித்தவரிடம், நீ போகிற நேரத்தில் உனக்கு ஏன் அக்கறை என்று கேட்பது எந்த ஊர் மரியாதை? ஓய்வு பெறுபவருக்குக் கண்ணும் அவிந்துவிடுமா, மானமும் மரத்துவிடுமா? கேட்டவருக்கு நாக்கு கூசவில்லை. கேட்டிருந்த எங்களுக்குத்தான் காது கூசியது.

ஆணியை இரண்டாகப் போட்டார்கள். அந்தப் பெட்டியை அம்மையார் மீன்காரம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார். ஒரு வாரம் முடிவதற்குள் அது திரும்பி வந்தது. தைத்த பைக்கு அடியில் மீன்தண்ணீர் தேங்கி, காய வழியில்லாமல் நாறிப்போக, கிடங்கில் வைத்த உடனே எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். மீன்காரம்மாவின் உள்ளங்கையில் குறுக்கே ஒரு தடிப்பு. “இது உங்க பெட்டி இல்லம்மா. யாரோ உங்க பேரைச் சொல்லி ஏமாத்துறாங்க” என்றார். அம்மையார் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார், உண்மைதான் என்று தலையசைத்தார்.

ஏனென்றால் அதற்கு முந்தைய நாள்தான் அந்தப் பெட்டியைப் போட்டு விற்பதற்கான அட்டைப்பெட்டிகள் அச்சகத்திலிருந்து வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் இந்த அம்மையாரின் சிரித்த முகம். கீழே, ‘அனுபவம் வாய்ந்த ஓர் அன்னையின் கைவண்ணம், எளிதாய்த் தூக்கலாம், எளிதாய் வைக்கலாம்’ என்று பொன்னிற எழுத்து. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

“என் மூஞ்சியை மட்டும் எடுத்துடுங்க. மத்ததை நீங்க என்ன வேணா செஞ்சுக்குங்க” என்று போய்க் கேட்டார். யாரிடமும் எதையும் கெஞ்சி நாங்கள் பார்த்திராதவர் கெஞ்சினார். “அது நாங்க உங்களுக்குச் செய்யுற மரியாதைம்மா” என்று பதில் வந்தது. கீழே வந்து தையல் பிரிவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டு போகிற எவளோ ஒருத்தி, கை வலியோடு பேருந்தில் நின்றுகொண்டு தன்னைத் திட்டுவாள் என்றார். அதைச் சொல்லும்போது அழுதார். தையல் எந்திரங்கள் எல்லாம் நின்றுவிட்டன.

மேடையில் இருக்கும் பெரியோர்களே, உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் இருப்பதும் அதே படம்தான். அவர் கையில் இருப்பதாக ஒட்டி வைத்திருக்கும் பெட்டியை அவர் கை ஏற்கவில்லை. இதை மரியாதை என்று நீங்கள் நம்புகிறீர்கள் என்பதுதான் எங்களுக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. வேண்டுமென்றே செய்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். காலிப் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பது போலவே ஒரு மனுஷியின் பெயரையும் தூக்கிப் பார்த்திருக்கிறீர்கள்.

அம்மா, இப்போது மறுபடி உங்களைப் பார்த்துப் பேசுகிறோம். கையைக் காட்டாதீர்கள், முடிக்கப் போகிறோம்.

பெட்டி வெளியே போக வேண்டுமென்றால் சோதனைக் கூடத்தின் சான்று வேண்டும் என்பது இந்தத் தொழிற்சாலையின் விதி. நீங்கள் பழக்கிய முறையில் அந்தப் பெட்டியை நாங்கள் நிரப்பிச் சுமந்தோம், ஈரத்தோடு மடக்கி வைத்தோம், திறந்து முகர்ந்தோம். அது தேறவில்லை. தேறியதாக எழுதச் சொல்லி மேல்மாடியிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கிறது, இன்று காலைகூட வந்தது. நல்லபடியாகத்தான் திருப்பி அனுப்பினோம்.

நோயற்று, நொடியற்று, நூறாண்டு கடந்தும் நிமிர்ந்த நடையோடு நீங்கள் வாழ வேண்டும். உங்கள் கணவரின் கண் தெளிவாகவே இருக்க வேண்டும். வீட்டில் இனி பெட்டி இல்லாமல் நீங்கள் இருவரும் காலை நீட்டி உட்கார வேண்டும். எவரிடமும் எதற்காகவும் நீங்கள் இனிக் கெஞ்சும் நிலை வரவே கூடாது.

நீங்கள் கேட்டது, உங்கள் முகத்தை அட்டையிலிருந்து எடுத்துவிடச் சொல்லி. மன்னியுங்கள், அதில் மட்டும் நாங்கள் உங்கள் கட்சி இல்லை. இந்த மடலின் கீழே நாங்கள் அத்தனை பேரும் கையெழுத்து இட்டிருக்கிறோம், அந்தச் சான்றில் ஒருவரும் இடவில்லை. எப்போது இடுவோம் என்று மேடையில் இருப்பவர்கள் எங்களைக் கேட்டபடி இருப்பதால், சபையறியச் சொல்லிவிடுகிறோம். முகம் அங்கேயே இருக்கட்டும். உள்ளே இருக்கும் பெட்டியை மாற்றுங்கள்.

இங்ஙனம்,
உங்களோடு படியேறியவர்கள்
சோதனைக் கூடத்தார், நுரை வார்ப்போர், தையல் பிரிவினர், கிடங்குப் பணியாளர்